விரிசல் அளப்பவன்

லோப்பர்சமுக்கு வடக்கே
பூமிக்கடியிலிருந்து வாயுவை உறிஞ்சி எடுத்தார்கள்.
காலியான மண் அவ்வப்போது தோள் குலுக்கும்.
அதன்பின் நான் போவேன்
அளவுகோலும் டார்ச்சும் பச்சை ஃபிளாஸ்க்குமாக.

நாவலாசிரியர் ரூலீன் ஹாவிங்காவின் வீட்டில்
பதினேழு விரிசல்கள்.
பதினாறைக் காட்டிவிட்டு
புத்தக அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.
"இதற்குப் பின்னால் ஒன்று இருக்கிறது.
நகர்த்தினால் சுவரும் கூடவே வந்துவிடுமோ?"

அலமாரியில் அவருடைய ஆறு நாவல்கள்,
டேனிஷில், போலிஷில், எனக்குத் தெரியாத எழுத்துகளில்.
டச்சிலேயே ஒன்றும் வாசித்ததில்லை என்றேன்.
சிரித்தார்.
"பக்கத்துப் பண்ணை ஹார்ம் வாசித்தான்.
பதினான்காம் அத்தியாயத்தில் அவன் மனைவியைக் கொன்றுவிட்டேன்.
அவள் ஜன்னலோரம் உருளைக்கிழங்கு சீவுவது
இங்கிருந்தே தெரியும்.
நான்கு வருடமாகப் பேச்சில்லை."

இருவருமாகப் புத்தகங்களை இறக்கினோம்.
கூரையிலிருந்து இறங்கி
பாதியில் மனம் மாறி
இடப்பக்கம் திரும்பியிருந்தது அது.
மூன்று மில்லிமீட்டர்.
நான்கு என்றால் படிவத்தில் வேறு கட்டம், வேறு தொகை.
மூன்று என்று எழுதினேன்.

காபி தந்தார். என்னென்னவோ கேட்டார்:
சுவர் விடும்போது எந்தச் சத்தம் முதலில் வரும்,
மழை நாளில் அளவு மாறுமா,
வீட்டுக்குப் போனதும் எந்தக் கையை முதலில் கழுவுவேன்.
தனிமை, பேச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து நாவல் வந்தது.
எப்பே என்கிற நான் அதில் வுப்போ.
மூக்கைப் பெரிதாக்கியிருந்தார்,
ஃபிளாஸ்க்கை மாற்றவில்லை.
இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில்
யாரோ ஒருத்தியின் சமையலறையில் மண்டியிட்டு
வுப்போ மூன்றை அளக்கிறான்,
நான்கு என்று எழுதுகிறான்.
யாரிடமும் சொல்லாமல்
மழைக்குள் சைக்கிள் மிதிக்கிறான்.

மனைவி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு
நிமிர்ந்து பார்த்தாள்,
பதினெட்டு வருடத்தில் ஒருமுறையும் பார்க்காத மாதிரி.
"நான் அப்படிச் செய்யவில்லை."
"தெரியும்."
அந்தத் தெரியும் எத்தனை மில்லிமீட்டர் என்று
இன்னும் அளந்து முடியவில்லை.

அலுவலகத்தில் கோப்பைத் தேடி எடுத்தேன்.
நீல மை. என் 3.
இரண்டு வளைவும் பிசிறில்லாத,
பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய 3.

அவருக்கு எழுதினேன்:
"பக்கம் 211இல் ஒரு தகவல் பிழை.
அடுத்த பதிப்பில் திருத்தவும்."
அஞ்சலட்டையில் ஒரே வரி வந்தது:
"ஹார்மும் இதைத்தான் சொன்னான்."

போன செவ்வாய், மிடல்ஸ்டுமில்,
கதவைத் திறந்த பெண் ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள்.
மூக்கைப் பார்த்தாள், கொஞ்சம் ஏமாந்தாள்.
பிறகு டார்ச்சைத் தானே வாங்கி
சுவரோரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.
வெளிச்சம் ஆடியது,
அவள் கையோ, மண்ணோ.

அளவுகோலை வைத்தேன்.
மூன்றாவது கோட்டின் மேல் தூசி.
ஊதினேன்.
என் கண்ணிலேயே விழுந்தது.