இடது பக்கம் நான்கு மில்லிமீட்டர்

பகல் முழுக்க நான் செய்வது பற்கள்,
தம்பெரெயில் ஓர் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில்,
முகம் பார்த்திராத மனிதர்களின் வாய்க்கு.
மாலை கராஜைத் திறந்தால்
இங்கும் ஒரு வாய்:
தொண்ணூறாம் வருடத்து நிஸ்ஸான்,
பின்னால் பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு குழல்.
முனைகளைச் சாலையில் தூவும் உப்பு
தின்று முடித்துவிட்டது.

அறுத்தெடுத்தேன்.
கையுறை நிறைய துரு,
காபி வடித்த சக்கைபோல.

தங்கை கணவன் வெய்யோ
கேட்காமலே ஒரு ஜோடி வாங்கி வந்தான்.
நான்கு அங்குல விட்டம், நீலம் பாரித்த டைட்டானியம்.
"பீரங்கி மாதிரி இருக்கும்" என்றான்.
போன மாதம் ஒருவர்
இருபது வயதுப் பற்கள் கேட்டு அடம்பிடித்தார்.
எழுபத்துமூன்று வயது அவருக்கு.
செய்து கொடுத்தோம்.
அதற்குப் பிறகு அவரால் உதட்டை மூட முடியவில்லை.

எனக்கு மூன்று அங்குலம் போதும்.
பளபளப்புக் குறைந்த ஸ்டீல், உள்மடித்த விளிம்பு.
நேராக வெட்டியதா, சாய்வாக வெட்டியதா
என்பதில் மட்டும் ஒரு வாரம் போயிற்று.
தானியப் பெட்டி அட்டையில் வட்டங்கள் வெட்டி
டேப் போட்டு ஒட்டி,
முற்றத்துப் பனிக்குவியல்மேல் ஏறி நின்று பார்த்தேன்.
நேராக வெட்டியதே சரி.

பல் போனால் சொல் போச்சு.
இதற்கோ பல்லை மாற்றினாலும் சொல் மாறாது.
சத்தமெல்லாம் உள்ளே, நடுப்பெட்டியிலேயே
முடிவாகிவிடுகிறது.
"அப்புறம் எதற்கு இத்தனை பாடு?" என்றான் வெய்யோ,
அன்று காலைதான் முகம் மழித்தவன்.

பக்கத்து கராஜ் ரைலி டிராம் ஓட்டுபவள்.
டார்ச் பிடிக்க வந்தாள்.
நான் படுத்துக்கொண்டு காலிப்பரால் அளந்தேன்.
தரையிலிருந்து இடது முந்நூற்றுப் பன்னிரண்டு,
வலது முந்நூற்றுப் பன்னிரண்டு.
"கோணல்" என்றாள் ரைலி.
தரை வடிகால் பக்கம் சரிந்திருக்கிறது,
ஆகவே நூல் கட்டி அளந்தேன்.
ரசமட்டம் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது.
"கோணல்தான்."
எழுந்து, அவள் நின்ற இடத்தில் நின்றேன்.
கோணல்தான்.

பம்பர்.
எனக்கு முன் யாரோ, எங்கோ, பின்னால் இடித்து,
புட்டி பூசி, பெயின்ட் அடித்து,
விற்கும்போது வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.
இடது மூலை நான்கு மில்லிமீட்டர் இறக்கம்.

இது எனக்குத் தெரிந்த வேலை.
மூக்கு சற்றே சாய்ந்த முகத்துக்கு
நேரான பல்வரிசை வைத்தால்
பார்ப்பவர் பல்லைத்தான் குறை சொல்வார்.
கிளாம்பைத் தளர்த்தி
இடது முனையை நான்கு இறக்கினேன்.
அளவுகோல் இப்போது தப்பு என்றது.
ரைலி ஒன்றும் சொல்லவில்லை,
கையிலிருந்த பன்னைக் கடித்தாள்.

பிறகு சூடு.
பத்து நிமிடம் ஓடவிட்டதில்
குழல் நீண்டு பின்னால் நகர்ந்தது,
ரப்பர் தொங்கல்கள் இளகின,
முனைகள் இரண்டும் தாழ்ந்தன, ஒன்று கொஞ்சம் அதிகம்.
நிற்கும்போது அழகா, ஓடும்போது அழகா?
இரண்டும் கிடைக்காது.
மேல்விளிம்புக்கும் பம்பருக்கும் இடையில்
ஒரு விரல் இடைவெளி வேண்டும்,
இல்லையேல் பிளாஸ்டிக் உருகும்.
என் சுண்டுவிரலை வைத்து, சுட்டுக்கொண்டு,
ஓடும்போது என்று முடிவு செய்தேன்.

அதாவது, நான் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை.

ஏப்ரல் இருபத்தாறு, சாலை காய்ந்திருந்தது.
ஏரிக்கரை வழியே போனேன்.
பாதி பனிக்கட்டி இன்னும் சாம்பல் நிறத்தில் மிதந்தது.
ஜன்னலை இறக்கினால் அதே பழைய உறுமல்,
ஒரு சுருதிகூடக் கூடவில்லை, குறையவில்லை.
கண்ணாடியில் ரைலியின் வெள்ளை வேன்,
மூன்று கார் தள்ளி,
என் பின்பக்கத்தைப் பார்க்கும் ஒரே ஆள்.

போன் அடித்தது.
"சொல்" என்றேன், ஸ்டீயரிங்கை இறுக்கிக்கொண்டு.
"உன் வலது பிரேக் விளக்கு எரியவில்லை" என்றாள்.
"வேறு?"
"வேறென்ன?"