கானாவில் தொடங்கும் சொற்கள்

வெளியே சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
விண்ணிபெக்கின் கார்கள் எல்லாம்
வயர் செருகி நிற்கிற பின்னேரம்.

தட்டில் அவர் வைத்தவை:
பஸ் டிப்போவின் சாவி, இடுப்புப் பட்டி,
மூக்குக் கண்ணாடி, ஒரு பத்துச் சதம்.
"காந்தம் இதையும் இழுக்குமோ?"
இழுக்கும். உள்ளே இரும்பு, மேலே பூச்சு.

ஆங்கிலத்தில் கேட்டால்
ஆங்கிலத்தின் இடம்தான் தெரியும்.
வெட்டப்போகிற டொக்டருக்கு வேண்டியது வீட்டுப் பாஷை.
ஆகவே வேலை முடிந்து கோட்டு மாட்டிய என்னை
மறித்துக் கூட்டிவந்தார்கள்.

மைக்கில் சொன்னேன்:
தவயோகன் அண்ணை, திரையில் ஒரு எழுத்து வரும்.
அதில் தொடங்கும் சொற்களை
மனதுக்குள் மட்டும் சொல்லுங்கோ.
நாக்கு அசையக் கூடாது. ஆட்களின் பெயர் வேண்டாம்.
நட்சத்திரம் வந்தால் நிறுத்துங்கோ,
ஒன்றையும் நினையாதேங்கோ.

ஒன்றையும் நினையாமல் இருக்க
எனக்கே தெரியாது.

முதல் எழுத்து கானா.
இயந்திரம் இடிக்கத் தொடங்கியது,
மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைக்கிற மாதிரி.
கண்ணாடிக்கு அப்பால்
நீலக் காலுறைக்குள் இரண்டு பாதங்கள்.
முப்பது விநாடி சொல். முப்பது விநாடி நட்சத்திரம்.
இங்கிருந்து நானும் சொல்லிப் பார்த்தேன்:
கதவு, கரண்டி, கம்பளி, கனடா
(இடப்பெயர் கணக்கில் வருமா?)
ஏழோடு நின்றுபோனேன்.
எனக்குக் கட்டி இல்லை.

பிறகு, சாம்பல் மூளையின் இடப்பக்கம்
செம்மஞ்சள் புள்ளிகள் ஏறின.
அது சொல் இல்லை,
சொல்லுக்காக ஓடிய இரத்தம்.
பக்கத்திலேயே, ஊமையாய், கட்டி.

எழும்பி உட்கார்ந்து காதுப் பஞ்சை எடுத்தபடி
"முதல் வந்தது கடன்," என்று சிரித்தார்.
"பிறகு கராஜ். கணக்கு. கத்தரிக்காய்.
அதுக்குப் பிறகு ஒரே வெள்ளை.
அப்ப ஒரு பெயரைச் சொல்லிப்போட்டன்.
வேண்டாமெண்டனீங்கள். படத்தில தெரியுமோ?"

தெரியாது என்றேன்.
கடனும் கத்தரிக்காயும் அந்தப் பெயரும்
அங்கே ஒரே நிறம்.
யாருடைய பெயர் என்று நான் கேட்கவில்லை.
என்ன மாதிரி இருக்கு என்று அவர் கேட்டார்.
டொக்டர் சொல்லுவார் என்ற வசனத்தை
முகம் மாறாமல் சொல்லப் பழகிப்
பதினொரு வருடம்.

கட்டியின் விளிம்பிலிருந்து செம்மஞ்சள் வரைக்கும்
கோடு இழுத்து அளந்திருந்தேன்:
ஒன்பது மில்லிமீட்டர்.

தட்டை நீட்டினேன்.
சாவியை எடுத்தார், பட்டியைக் கட்டினார்.
பத்துச் சதம் மட்டும்
விரலில் அகப்படாமல் இரண்டு முறை வழுக்கியது.
நான் எடுத்துக் கொடுத்தேன்.

அதன் அகலத்தில் பாதி.