எடை பார்த்தல்

மனாமாவில் சண்டை சனிக்கிழமை இரவு.
எங்களுக்கு வியாழனே தொடங்கிவிட்டது:
முப்பத்தாறு பலகை, நாலு கம்பம், பக்கத்துக்கு நாலு கயிறு.
பலகைக்கு அடியில் சாக்பீஸில் எண்.
எண் மாறினால் தரை நொடிக்கும் என்பான் சூசைமிக்கேல்.

நாலு மூலை இருந்தும் வளையம் என்றுதான் பேர்.
முன்பெல்லாம் கூட்டமே வட்டமாய் நின்று
கயிற்றைக் கையில் பிடித்திருக்குமாம்.
இப்போது கூட்டத்துக்கு மெத்தை நாற்காலி.

சொன்னவன் ஒகெல்லோ, கம்பாலாக்காரன்,
வாசல் செக்யூரிட்டி.
மூக்கு மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.
அவன் ஊரில் போலீஸ் லைனில்
வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த ஆட்டம்,
யாரை அடிக்கக்கூடாது என்பதையும் சேர்த்து.
இரண்டாவதை அவன் பெரியப்பா சரியாகப் படிக்கவில்லை;
வேலை போயிற்று, பேர் நின்றது.

உறை வந்தது முகத்துக்கு இரக்கப்பட்டல்ல என்றான்.
வெறுங்கையால் மண்டையை அடித்தால்
விரல்தான் முதலில் போகும்.
உறை வந்தபின் மண்டை மலிந்துவிட்டது.
நான் என் கையுறையைப் பார்த்தேன்.
கம்பெனி கொடுத்தது,
சம்பளத்தில் பிடித்தது.

மூன்று நிமிடம் அடி, ஒரு நிமிடம் ஸ்டூல்,
வாயில் தண்ணீர், துண்டால் விசிறல்.
இந்தச் சட்டத்தை ஃபோர்மேன் குலாமுக்கு
யாராவது உருதுவில் எழுதிக் கொடுங்களேன்.

இந்தக் கடலின் தலைமாட்டில்,
இரண்டு ஆறும் வந்து விழும் நாட்டில்,
நாலாயிரம் வருஷத்துக் களிமண் தகடு ஒன்று.
ஒகெல்லோ போனில் காட்டினான்.
இருவர் முஷ்டி தூக்கி நிற்கிறார்கள்,
பக்கத்தில் இருவர் முரசு கொட்டுகிறார்கள்.
தரை பெருக்கியவன் தகட்டில் இல்லை.
இடம் போதவில்லை போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை எடை பார்த்தார்கள்.
அரைக்கிலோ கூடிப்போனதென்று ஒருவன்
பிளாஸ்டிக் சட்டையில் ஒரு மணி நேரம் ஓடி
வேர்த்து உதிர்த்துவிட்டு வந்தான்.
சமமானவர்களைத்தான் மோதவிட வேண்டுமாம்.
எல்லாரும் போனபின் தராசில் ஏறினேன்.
ஐம்பத்தேழு.
'இறகு எடை' என்றான் ஒகெல்லோ.
ஒன்றேகால் லட்சம் கடன் தராசில் ஏறவில்லை.
திருச்சி ஏஜெண்டும் நானும்
ஒரே மேசையில் கையெழுத்துப் போட்ட அன்று
எங்கள் இருவருக்கும் யாரும் எடை பார்க்கவில்லை.

இரவு மூன்று மணிக்கு, கேன்வாஸ் இழுத்துக் கட்டியதும்
யாராவது குதித்துச் சோதிக்க வேண்டும்.
ஒகெல்லோ டையைக் கழற்றினான், ஷூவையும்.
காற்றில் ஒருவனை நிறுத்தி வைத்து
முதலில் அவனிடம் நாலு அடி வாங்கிக்கொண்டான்.
பிறகுதான் கொடுத்தான்.
பலகை ஒன்றும் நொடிக்கவில்லை.
நாங்கள் ஏழு பேர், கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தோம்.
குலாமும்தான்.

சனிக்கிழமை அவனுக்கு டியூட்டி மேடையடியில்.
முதுகு சண்டைக்கு, முகம் கூட்டத்துக்கு.
திரும்பினால் ஒருநாள் சம்பளம் போகும்.
எட்டு ரவுண்டும் அவன் பார்த்தது
வாய்பிளந்த ஷேக்குகளை,
போன் தூக்கிய பிள்ளைகளை.

மேடையைப் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டு
சித்ரா கேம்ப் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒகெல்லோ தொடங்கினான்.
நாலாவதில் இடதுகாலை இழுக்க ஆரம்பித்தான்,
சத்தம் மாறியது.
ஆறாவதில் விலாவில் ஒன்று,
ஈரச் சாக்கைத் தரையில் போட்டது மாதிரி.
விழுந்தவன் ஏழில் எழ நினைத்தான்,
முழங்கை கேன்வாஸில் உரசியதே, கேட்கவில்லையா?

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள்.
சூசைமிக்கேல் கையை உயர்த்தி எண்ணத் தொடங்கினான்,
ஒன்று, இரண்டு,
டிரைவர் வண்டியை மெதுவாக்கினான்.