உள்ளங்கைச் சீனி

பசறை ஆஸ்பத்திரியில்
வெறும் வயிற்றோடு விரலைக் குத்தி
இருநூற்றுப் பன்னிரண்டு என்றார்கள்.
முந்தின நாள் நான் எடுத்த கொழுந்து
பதினான்கு கிலோ.
அதற்கு அரைப்பேர்.
இதற்கு முழு நோயாளி.

நாங்கள் சீனியைத் தேத்தண்ணிக்குள் கரைப்பதில்லை, கட்டாது.
உள்ளங்கையில் ஒரு சிட்டிகை,
நக்கு, ஒரு மிடறு,
நக்கு, ஒரு மிடறு.
இவ்வளவு சிக்கனமாய்த் தின்ற சீனி
எந்த வழியால் இரத்தத்துக்குள் ஏறியது
என்று மிஸ்ஸியிடம் கேட்டேன்.
ரொட்டி, என்றாள்.
மூன்று வேளையும் கோதுமை மா தானே, என்றாள்.

எங்கள் மலையில் கோதுமை விளைவதில்லை.
கடனுக்குக் கடையில்
அதுதான் கிடைக்கிறது.

வெள்ளைக் குளிசையோடு நான் வந்து சேருமுன்
செய்தி பீலிக்கரைக்குப் போய்விட்டது.
மரகதவள்ளி கோவை இலை பறித்து வந்தாள்,
அதில் களைக்கொல்லி மணந்தது,
கழுவிக் கழுவிப் பார்த்து
ஆட்டுக்கும் போடாமல் எறிந்தேன்.
ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்து ஹீன் மெனிக்கே
தெபு இலைகளை நீட்டி
ஒற்றை விரலைக் காட்டினாள்: நாளுக்கு ஒன்று.
நான் ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் கொடுத்தேன்.
எங்களுக்குள் இருந்த மொழி
அவ்வளவுதான், போதுமாயிருந்தது.
பதுளைக் கடையில் கோத்தல ஹிம்புட்டு மரக் கோப்பை,
இரவு ஊற்றிய தண்ணீர்
விடியும்போது சாயத் தேத்தண்ணி நிறமாகுமாம்.
விலை என் நான்கு நாள் சம்பளம்.
இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

சிறுகுறிஞ்சான் சும்மா கிடைத்தது.
ஏழாம் நம்பர் மலையில், கானோரம், வேலி முழுக்க.
மென்றபின் சீனியை நக்கினால்
மணல்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
வாழ்க்கையில் முதல்முறை
ஒருவரைத் தோற்கடித்தேன்.

ஒன்று நல்லதென்றால்
எல்லாம் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே.
குளிசை, தெபு, குறிஞ்சான்.
ரொட்டியை மட்டும் விட்டேன்.

மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை
பத்தரை மணிக்கு
மலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.
கொழுந்தும் முற்றலும் ஒரே நிறமாயின.
விழுந்தேன் என்கிறார்கள்,
உட்கார்ந்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

மரகதவள்ளி இடுப்பு முடிச்சை அவிழ்த்து
தன் பத்து மணிச் சீனியை
உள்ளங்கையோடு என் வாயில் அடைத்தாள்.
சப்புடி, சப்பு.
மணல், பல்லுக்குள் மணல்,
தொண்டையில் மணல்.
நாக்கு அதை யாரென்று கேட்டது.
உடம்பு கேட்கவில்லை,
கையைப் பிடித்து உள்ளே இழுத்தது.
மெல்ல
மலை நிமிர்ந்தது.

அடுத்த கிளினிக்கில்
முந்தானை இலைகளை டொக்டரின் மேசையில் கொட்டினேன்.
ஏசுவார் என்றிருந்தேன்.
ஒன்றை எடுத்து முகர்ந்தார்.
எத்தனை, எந்த நேரம், சாப்பிட்டா, சாப்பிடாமலா
என்று கேட்டுக் கேட்டு
குளிசைகளுக்குப் பக்கத்தில்
நான் சொன்ன பெயர்களையும் எழுதினார்.
இலைகளை இப்போதைக்கு நிறுத்து,
ரொட்டியில் பாதியாவது தின்,
மறுபடி இரத்தம் பார்த்துப் பேசுவோம் என்றார்.

இப்போது என் முடிச்சில்
ஒரு குளிசையும் ஒரு கரண்டிச் சீனியும்
முகம் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில்.
குறிஞ்சான் வேலியைத் தாண்டும்போது
கை தானாய் நீளும், மடக்கிக்கொள்வேன்.

அன்றைய சீனியைத் திருப்பித் தருகிறேன் என்றால்
மரகதவள்ளி கூடையை மாட்டிக்கொண்டு சொல்கிறாள்:
மணலுக்கு யாரடி
கணக்குப் பார்ப்பது.