ஒன்பதாம் பத்தி

நக்கோண்டே எல்லை. நான்காம் நாள்.
எனக்கு முன்னால் நூற்றுப் பதினேழு லாரிகள்.
பின்னால் எண்ணவில்லை;
பின்னால் நிற்பவர்கள் என்னை எண்ணியிருப்பார்கள்.

வாசிக்கக் கையில் இருப்பது சரக்குத் தாள் மட்டும்.
ஒன்பதாம் பத்தியை இப்போது பாராமல் சொல்வேன்:
அறை வெப்பநிலையில் பௌதிக நிலை, திண்மம்.
நிறம், செம்மை. மணம், இல்லை.
உருகுநிலை, ஆயிரத்து எண்பத்தைந்து.

எந்த அறை என்று போடவில்லை.

என் அறை இந்தக் கேபின்தான்.
அக்டோபர் மாதம், மதியம் இரண்டு மணி.
ஸ்டீயரிங்கைத் தொடச் சட்டையைக் கழற்றிச் சுற்றுகிறேன்.
டாஷ்போர்டில் கிடந்த சீப்பு வில்லாக வளைந்தது.
மகளுக்கு வாங்கிய சாக்லேட் உறைக்குள் குழம்பாகி
இரவில் வேறொரு உருவத்தில் கெட்டியானது.
பக்கத்து லாரிக்காரர் கடன் கேட்டார்;
வாங்கினால் தராதவர் என்று தெரிந்தும்
இளகிவிட்டேன்.
பின்னால், தார்ப்பாய்க்கடியில்,
முப்பது டன் தாமிரத் தகடுகள்
ஏற்றிய நாளில் இருந்தபடியே இருக்கின்றன.

மைத்துனன் சால்வே இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.
முஃபுலிரா உலையில் பதினோரு வருடம்.
அவனுக்குத் தாமிரம் என்றால் ஓடுவது.
வாய்க்காலில் வரும், அச்சில் விழும்,
கண்ணை மூடினாலும் உள்ளே பச்சையாய் நிற்கும் என்பான்.
அது கெட்டியாவதற்குள் அவன் ஷிஃப்ட் முடிந்துவிடும்.
அப்புறம் அது யாருடையதோ.

ஒருமுறை,
ஒரே ஒரு துளி,
பூட்ஸின் விளிம்பைத் தாண்டி உள்ளே போனது.
கழற்றுவதற்குள்
கணுக்காலுக்குக் கீழே,
காலுறைக்கும் எலும்புக்கும் நடுவே,
அறை வெப்பநிலைக்கு வந்து சேர்ந்தது.

பட்டாணி அளவு.
இடுக்கியால் எடுத்துக் கழுவிக் கொடுத்தார்களாம்.
தீப்பெட்டியில் வைத்திருக்கிறான்.
கல்யாணம், கருமாதி, எங்கே பார்த்தாலும்
காதருகே குலுக்கிக் காட்டுவான்.
கேள். திண்மம்.

வலித்ததா என்று யாரும் கேட்க அவன் இடம் தருவதில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கி
முத்திரைக் கம்பியைச் சரிபார்த்தேன்.
தார்ப்பாயின் ஓரத்தை விலக்கி உள்ளங்கையை வைத்தேன்.
சில்லென்றது.
குளிர் அங்கிருந்து வரவில்லை;
என் சூட்டைத்தான் அது மளமளவென்று வாங்கி
முப்பது டன்னுக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தது.
கையை எடுத்தேன்.
ஈரக் கைத்தடம் ஒன்று தெரிந்து, மங்கி,
போனது.

ஐந்தாம் நாள் காலை சுங்க அதிகாரி நானியாங்வே வந்தாள்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோன்,
அதில் யாருடனோ வாடகைத் தகராறு.
பேனாவின் மறுமுனையால் தகட்டை மூன்று முறை தட்டினாள்,
கதவைத் தட்டுவதுபோல.
படிவத்தைப் பார்த்து, கேட்டே ஆகவேண்டியதைக் கேட்டாள்:
கசிவு ஏதும் உண்டா?

இல்லை என்றேன்.
செருப்பின் மேல் என் கால்விரல்கள்
மடங்கிக்கொண்டன.