தலைக்கு இரண்டு மீட்டர்

நகராட்சி வண்டியில் இன்று
நான்கு கைப்பிடிக் குழாய்கள், ஒரு டிரில்,
பல்புகள் ஒரு டஜன்,
வழுக்காத பாய் மூன்று.
அறுபத்தைந்து தாண்டியவர் வீட்டுக்குக்
கட்டணம் கிடையாது.
ஆனால் கைப்பிடி தலைக்கு இரண்டு மீட்டர்தான்.
அதற்கு மேல் வேண்டுமென்றால்
அடுத்த நிதியாண்டு வரை
விழாமல் இருக்க வேண்டும்.

துவா ஆற்றின் மூடுபனி
பத்து மணிவரை தெருவை விட்டுப் போகாது.
கருங்கல் படிகளில் வெள்ளை பூத்திருந்தது.
எர்மெலிந்தா கதவைத் திறப்பதற்குள்
இரண்டு முறை கைகளை ஊதிக்கொண்டேன்.
மூன்றாம் முறை ஊதும்போது உள்ளிருந்து குரல்:
"வர்றேன், வர்றேன்.
ஓடியா வர முடியும்?"

படிவம் கேட்டது:
வயது. எண்பத்தேழு.
உடன் வசிப்பவர். இல்லை.
கடைசியாக விழுந்த தேதி.
"விழலை" என்றாள்.
முழங்கையில் மஞ்சளாகிக்கொண்டிருந்த கன்றலைப் பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.
"அது விழுந்ததில்லை. உட்கார்ந்தேன்.
கொஞ்சம் வேகமா."
அந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்கு
மூன்றரை மீட்டர் நடை.
விதிப்படி, தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர்.
டேப்பை நீட்டிப் பென்சில் வைக்கப் போனவன்
நின்றுவிட்டேன்.
சுவரில் ஏற்கனவே ஒரு கோடு.
சுண்ணாம்பின் மேல்
எண்ணெயும் அடுப்புப் புகையும் வியர்வையும் ஏறி,
தேன்நிறத்தில், கை அகலத்தில்,
நடுவே ஒரு கதவு வந்த இடத்தில் அறுந்து,
கதவு தாண்டித் தொடர்ந்தது.
அளந்தேன். எண்பத்தொன்று.
எந்தப் பொறியாளரும் போட்டதல்ல.
விளக்குப் போடாமல், இரவு இரவாக,
ஒரு கை போட்டது.

அதற்கு மேலே இன்னொன்று.
மங்கல். தொண்ணூற்று மூன்றில்.

இந்த வேலையில் பதினொரு வருடம்.
இப்படிச் சுவர்கள் எனக்குப் பழக்கம்.
குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்:
"உங்க கணவர் நல்ல உயரமோ?"

சிரித்தாள். இருமல் வந்து சிரிப்பை வெட்டியது.
இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து சிரித்தாள்.
"யாரு கணவன்?
நாப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல
ஊருக்கே முத்திரை குத்தினேன்,
என்மேல குத்த ஒருத்தனையும் விடலை.
ரெண்டும் என்னுதுதான், அடெலினு.
மேல இருக்கறது
முட்டிவலி வந்த புதுசுல.
நேரா நின்ன காலம்."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரைப் பார்த்தேன்.
அது எத்தனை வருடம் என்று கேட்கவில்லை.

கழிப்பறைப் பக்கம் பொருத்து என்கிறது படிவம்.
அவள் நடுவிலிருந்த கதவைத் தட்டினாள்.
"இங்கேதான் கை காத்தைப் பிடிக்குது.
இதும்மேல குறுக்கா அடி."
உள்ளே என்ன என்றேன்.
"உருளைக்கிழங்கு அறை.
வாரத்துக்கு நாலு கிழங்கு தின்னுறவளுக்கு
அறை எதுக்கு?"
கதவின் குறுக்கே பொருத்தக் கூடாது என்று விதி உண்டு.
கிழங்குகளை அடுக்களைக்கு மாற்றினேன்.
ஒரு கூடைகூட நிறையவில்லை.
கதவைச் சாத்தி நான்கு ஆணி.
பொருத்திய இடம் என்ற கட்டத்தில்
'சுவர்' என்று எழுதினேன்.

"எண்பத்தொன்றா?"
"எழுபத்தெட்டுல வை.
அடுத்த நிதியாண்டு வரைக்கும்
நான் குறையாமலா இருப்பேன்?"

டிரில் ஓடும்போது காதைப் பொத்திக்கொள்ளவில்லை.
முடிந்ததும் வந்து
குழாயை இரண்டு கையாலும் பிடித்து
பிடுங்கிக்கொண்டு போகிறவள் போல இழுத்தாள்.
வரவில்லை.
"ம்" என்றாள். அவ்வளவுதான் நன்றி.

மிச்சம் ஒன்றரை மீட்டருக்கு
பழைய கோடுதான்.

வண்டியில் உட்கார்ந்து தாளைப் புரட்டினேன்.
அடுத்த வீடு: பல்பு இரண்டு, சொட்டும் குழாய் ஒன்று.
பிறகு ஞாபகம் வந்தது.
வசந்தத்தில் சாயம் பூசும் ஆட்கள்
இந்தத் தெருவுக்கும் வருவார்கள்.
திரும்பப் புரட்டி, அவள் தாளின் அடியில்
'குறிப்பு' என்ற இடத்தில் எழுதினேன்:
நடைச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டாம்.