ரொட்டிப் பெட்டி

ஒப்பந்தம் இதுதான்:
ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை
இரண்டு ஃபோனும் ரொட்டிப் பெட்டிக்குள்.
அவளுடையது மட்டும் என்றுதான் நான் தொடங்கினேன்.
நெஸ்ட்டா சிரித்தாள்:
"உன் கட்டைவிரலைப் பார் அப்பா,
சாப்பிடும்போதும் நடந்துகொண்டே இருக்கிறது."
உள்ளே போட்டேன்.
ரொட்டி இப்போது மைக்ரோவேவுக்குள் குடியிருக்கிறது.

ஹோலிஹெட் துறைமுகத்தில்
லாரிகளைக் கப்பலின் வயிற்றில் அடுக்குவது என் வேலை.
எந்தச் சங்கிலி எந்தக் கொக்கிக்கு என்று தெரியும்.
வேதியியல் தெரியாது.
அதனால் அவள் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொள்கிறேன்.
ப்ரோமீன் என் வாயிலிருந்து
யாரோ பழைய கால்பந்து வீரனைப்போல் வெளியே வர
அவள் திருத்துகிறாள்.
திருத்தியது அவளுக்கு மறப்பதில்லை.
என் பிழைகளுக்கு முதன்முறையாக ஒரு பயன்.

முதல் வாரம் நான் செய்ததெல்லாம் தப்பு.
கதவைத் தட்டித் தட்டி
"எவ்வளவு முடிந்தது?"
எதிர்வீட்டு ஐத்தல் நள்ளிரவு வரை விளக்கெரிப்பதைச்
சொல்லிக் காட்டினேன்.
சுவரில் அட்டவணை ஒட்டினேன், ஞாயிறு உட்பட.
அவள் ஞாயிறை மட்டும் கத்தரித்து எடுத்து
என் சாப்பாட்டு டப்பாவில் வைத்தனுப்பினாள்.
கப்பலின் கீழ்த்தளத்தில்
டீசல் நாற்றத்தின் நடுவே
சாண்ட்விச்சுக்கு அடியில் கண்டேன் அதை.
கட்டங்கட்டமாக ஒரு ஞாயிறு,
எண்ணெய்க் கறையோடு.

மே மாதம். செவ்வாய்.
காற்று கடலை அள்ளி ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது.
ரொட்டிப் பெட்டி அதிர்ந்தது.
தகரம் அல்லவா, வீடே அதிர்ந்தது.
ஒருமுறை. பிறகு நிற்காமல்.
என்னுடையதாக இருக்காது,
என் சிநேகிதர்களுக்கு அவ்வளவு பேச்சு வராது.
அவள் கண் அட்டையில். காது பெட்டியில்.

மூடியை நோக்கி என் கை எழுந்தது.
திறக்காமல் இருந்ததுதான்
அன்று நான் தூக்கிய பெரிய சுமை.
கெட்டிலைப் போட்டேன்.
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.
சில விஷயங்களை முதுகிடம் சொல்வது எளிது.

"நாளை மறுநாள் வரும் தாள் தன்னிடம் இருக்கிறதென்றான்.
நாற்பது பவுண்ட். பிறந்தநாள் பணம்.
இப்போது முகம் தெரிய ஒரு படம் வேண்டுமாம்,
நான் மாணவிதான் என்பதற்கு ஆதாரமாம்.
பிறகு வேறு மாதிரிப் படம்.
அனுப்பாவிட்டால்
தாள் வாங்கினேன் என்று பள்ளிக்கு எழுதுவானாம்."

கெட்டில் தானாக அணைந்தது.
என்னிடம் மூன்று வசவு தயாராக இருந்தன,
ஒன்று அவளுக்கு, இரண்டு அவனுக்கு.
மூன்றையும் விழுங்கினேன்.
"படம் போயிற்றா?"
"இல்லை."
"போயிருந்தாலும் இதே டீதான். இதே நாற்காலிதான்."
அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

ஃபோனை அவளே எடுத்து மேசையில் வைத்தாள்.
எல்லாவற்றையும் அழிக்கப் போனவளைத் தடுத்தேன்:
சங்கிலி அறுந்தால்
அறுந்த கண்ணியை எடுத்து வைப்போம்,
கடலில் எறியமாட்டோம்.
ஒவ்வொரு செய்தியையும் படம்பிடித்தோம்.
பதில் எழுதவில்லை.
புகார் கொடுத்தோம், தடுத்தோம்.
காலையில் வங்கிக்கு. அப்புறம் போலீசுக்கு.
பள்ளியில் மிஸ் ப்ரோதரோவிடம் முதலில் நாமே.
"நான் சொல்கிறேன். நீ பக்கத்தில் நில்லு."
நிற்பது எனக்குப் பழகிய வேலை.

மாதிரிக்கென்று அவன் அனுப்பிய முதல் பக்கம்
ஏதோ பழைய ஆண்டுத் தாள்.
நான்காம் கேள்வியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டாள்,
மார்ச்சில் போட்டு முடித்த கணக்காம் அது.
மூக்கைத் துடைத்துக்கொண்டே
கொஞ்சம் பெருமை.

மணி பதினொன்று.
"படுக்கிறாயா?"
"அஞ்சு அட்டை மட்டும்."
எடுத்தேன். மேலே கிடந்தது அதேதான்.
ப்ரோமீன், என்றேன், இம்முறை சரியாகவே.
அவள் வேண்டுமென்றே
தப்பாகத் திருத்தினாள்.